பழைய சமையலறை, அளவான பட்ஜெட்: புதுப்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சமையலறை வேலைக்கு எஸ்டிமேட் கேட்டுப் போனால் முதலில் நம் கையில் கொடுப்பது கலர் கேட்லாக். பளபளக்கும் அக்ரிலிக் கதவு, கண்ணாடி ஷட்டர், உள்ளே எரியும் விளக்கு. விலை அங்கிருந்துதான் ஏறத் தொடங்கும். ஆனால் கதவு என்பது எப்போது வேண்டுமானாலும் கழற்றி மாற்றக்கூடிய சாமான். சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய், வயர், மேடையின் உயரம், சிங்க்கின் கழிவுநீர்ப் பாதை ஆகியவற்றை ஒருமுறை பூசி மூடிவிட்டால் மறுபடி உடைக்காமல் தொட முடியாது. பணம் குறைவாக இருக்கும்போது முதல் பங்கு இவற்றுக்குத்தான் போக வேண்டும். கதவும் கூடையும் கடைசி. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது.

கணக்குக்கு ஒரு சமையலறையை வைத்துக்கொள்வோம். கட்டி இருபது வருடத்துக்கு மேல் ஆன வீடு; 10 அடிக்கு 8 அடி அறை; இரண்டு சுவரை ஒட்டி எல் வடிவ மேடை; மேடைக்குக் கீழே கடப்பா கல் தட்டுகள், மேலே பரண். நம் ஊரில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். சதுர அடி விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும் என்பதால் விலையைவிட அளவுகளைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன். அளவு தெரிந்துவிட்டால் உங்கள் ஊர் ரேட்டால் பெருக்கி நீங்களே எஸ்டிமேட் போடலாம். கடைக்காரர் சொல்லும் தொகை சரியா என்பதும் உடனே தெரிந்துவிடும்.

1. உடைப்பதற்கு முன்: கவனித்து எழுதுங்கள்

ஒரு வாரம் சமையலறையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். மிக்ஸி போடும்போது எந்தப் பிளக்கைப் பிடுங்க வேண்டியிருக்கிறது, கிரைண்டர் எங்கே நிற்கிறது, கழுவிய பாத்திரத்தை எங்கே கவிழ்க்கிறீர்கள், காய் நறுக்க இடம் இல்லாமல் எத்தனை முறை டைனிங் டேபிளுக்குப் போகிறீர்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதுங்கள். எந்த டிசைனரும் தர முடியாத தகவல் இது.

அப்புறம் பாத்திரங்கள். தினமும் எடுப்பது, வாரம் ஒருமுறை எடுப்பது, பண்டிகைக்கு மட்டும் எடுப்பது என்று மூன்றாகப் பிரியுங்கள். பொங்கல் பானை, முறுக்கு அச்சு, பெரிய இட்லி குண்டான், சீராக வந்த பித்தளைக் குடம் எல்லாம் பரணுக்குப் போகலாம். கைப்பிடி உடைந்த குக்கரும் மூடி இல்லாத டப்பாக்களும் வெளியே போகட்டும். இதைச் செய்தாலே தேவைப்படும் அலமாரியின் அளவு குறைந்துவிடும். முதல் சேமிப்பு இங்கேயே வந்துவிடுகிறது.

சிங்க்கை இடம் மாற்றாதீர்கள். சிங்க் நகர்ந்தால் கழிவுநீர்க் குழாயும் நகர வேண்டும். தரையை உடைக்க வேண்டும். அடுக்குமாடி என்றால் கீழ்வீட்டுக்காரரின் கூரை வரை விஷயம் போகும். அடுப்பை நகர்த்துவது அவ்வளவு கடினமில்லை. வீட்டில் வாஸ்து பார்ப்பவர்கள் இருந்து, அடுப்பு அக்னி மூலையான தென்கிழக்கில்தான் வர வேண்டும் என்றால், அதை வயரிங்குக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். அடுப்போடு சேர்ந்து எக்ஸாஸ்ட் ஃபேன், விளக்கு, சிலிண்டர் மூன்றும் இடம் மாறும்.

2. பணத்தைப் பிரிப்பது

கையில் 1,50,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் 20,000த்தை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு 1,30,000க்குத் திட்டமிடுங்கள். பழைய சுவரைத் தட்டிய பிறகுதான் உள்ளே இருப்பது தெரியும். துருப்பிடித்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், எர்த் வயரே இல்லாத லைன், கையால் தொட்டாலே உதிரும் பூச்சு என்று ஏதாவது ஒன்று வரும். அந்த 20,000 அதற்கு.

மீதியில் சுமார் 45,000 பிளம்பிங், வயரிங், காற்றோட்டத்துக்கு. 50,000 கிரானைட், டைல்ஸ், கொத்தனார் கூலிக்கு. கடைசி 35,000 கதவு, கூடை, பெயிண்டுக்கு. தொகை கூடினாலும் குறைந்தாலும் இந்த விகிதத்தை வைத்துக்கொள்ளலாம். கதவுக்கே பாதிப் பணம் கேட்கும் எஸ்டிமேட் வந்தால், அதில் பழைய குழாயும் பழைய வயரும் அப்படியே இருக்கப்போகின்றன என்று அர்த்தம்.

எஸ்டிமேட்டை மூன்று இடத்தில் வாங்குங்கள். மூன்றும் ஒரே அளவுகோலில் இருக்க வேண்டும். ஒருவர் சதுர அடிக்கும் இன்னொருவர் ரன்னிங் அடிக்கும் (நீள அடிக்கும்) சொன்னால் ஒப்பிடவே முடியாது. கைப்பிடி, கீல், கூடை, வண்டிக்கூலி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தா, சேர்க்காமலா என்று எழுதி வாங்குங்கள். சிமெண்ட், மணலைக் கொத்தனார் பொறுப்பில் விடலாம். டைல்ஸ், வயர், குழாய், சிங்க், டேப் ஆகியவற்றை நீங்களே கடைக்குப் போய் வாங்குவது நல்லது. தரம் உங்கள் கையில் இருக்கும்.

3. மேடை உயரம்

செலவே இல்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய வசதி இதுதான். பலரும் கோட்டைவிடுவதும் இதில்தான். கொத்தனார் தன் வழக்கப்படி ஓர் உயரத்தில் கட்டிவிட்டுப் போவார். அதற்கடுத்த இருபது வருடம் குனிந்து குனிந்து இடுப்பு வலி வாங்குவது சமைப்பவர்.

வீட்டில் அதிகம் சமைப்பவர் யாரோ அவரை நிற்க வைத்து, கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்துகொள்ளுங்கள். அதிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கழித்தால் மேடை உயரம். 5 அடி 2 அங்குலம் உயரமுள்ள ஒருவருக்கு முழங்கை ஏறத்தாழ 39 அங்குலத்தில் இருக்கும். மேடை 33 அல்லது 34 வரலாம். 4 அடி 11 அங்குலம் உள்ளவருக்கு 32 சரியாக இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு மேஜைமேல் பழைய புத்தகங்களை அடுக்கி, அந்த உயரத்தில் பலகை வைத்து அரை கிலோ வெங்காயம் நறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தோள் தூக்கிக்கொண்டால் உயரம் அதிகம். கழுத்தும் முதுகும் வளைந்தால் குறைவு.

அடுப்பு மேடைக்கு மேல் இன்னும் நாலைந்து அங்குலம் ஏறும், அதன்மேல் குக்கரோ அண்டாவோ ஏறும். அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் 3 அங்குலம் தாழ்த்திக் கட்டினால் சாம்பாரைக் கிளற எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் கிரானைட்டில் ஒரு படி விழும். அந்த மூட்டில் அழுக்கு சேரும். சமைப்பவர் மிகவும் குட்டையாக இருந்தால் ஒழிய, ஒரே மட்டமாக வைத்து, அளவில் ஓர் அங்குலம் குறைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

இன்னொன்றைக் கவனியுங்கள். உயரத்தை முடிந்த தரையிலிருந்துதான் அளக்க வேண்டும். பழைய தரையின்மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால் பசையோடு சேர்த்து அரை அங்குலத்துக்கும் மேல் ஏறும். கலவை போட்டுப் பதித்தால் இரண்டு அங்குலம் வரை ஏறும். மேடையை 33 என்று கட்டிவிட்டுத் தரையை இரண்டு அங்குலம் ஏற்றினால் மிஞ்சுவது 31. தரை எங்கே முடியப்போகிறது என்று சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கிருந்து மேடைக்கு இன்னொரு கோடு போட்டுக் கொத்தனாரிடம் காட்டுங்கள். ரசமட்டம் வைத்து அந்தக் கோட்டை அறை முழுக்க ஓட்டிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை.

மேடையின் அடியில், தரையை ஒட்டி 4 அங்குல உயரத்துக்கு 3 அங்குலம் உள்வாங்கிக் கட்டச் சொல்லுங்கள். கால்விரல் உள்ளே போகும். மேடையை ஒட்டி நிமிர்ந்து நிற்கலாம்.

4. தண்ணீர்க் குழாய்

பழைய ஜிஐ குழாய் இருந்தால் மொத்தமாக எடுத்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீர் மட்டும் என்றால் யுபிவிசி பிளாஸ்டிக் குழாய் போதும். வெந்நீர் லைனும் வருமானால் சிபிவிசி. சிங்க் டேப்புக்கு ஒன்று, ஆர்ஓ இயந்திரத்துக்கு ஒன்று, பிற்காலத்தில் பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்கினால் உதவ மூடி போட்ட ஒன்று என மூன்று முனைகள் விடுங்கள். இப்போது ஒரு முனை கூடுதலாக விட ஆகும் செலவு அற்பம். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிள் வால்வ் இருந்தால், டேப் ஒழுகும் நாளில் வீட்டின் மொத்தத் தண்ணீரையும் நிறுத்த வேண்டியதில்லை.

பூசுவதற்கு முன் எல்லா முனைகளையும் அடைத்து, தண்ணீரைத் திறந்துவிட்டு ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். அழுத்தம் ஏற்றிச் சோதிக்கும் கை பம்ப் பிளம்பரிடம் இருந்தால் இன்னும் நல்லது. சோதனை முடிந்ததும் சுவரில் அளவுநாடாவை விரித்துப் பிடித்து, குழாயும் வயரும் போகும் பாதையைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உங்கள் குழாயைக் காப்பாற்றும்.

சிங்க்கின் அடியில் நெளிநெளியான பிளாஸ்டிக் குழாயைத் தரை ஓட்டைக்குள் சும்மா செருகிவிட்டுப் போவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். கரப்பான் ஏறி வரும் வழி அதுதான். தண்ணீர் தேங்கும் வளைவு உள்ள டிராப் வைத்து, ஓட்டையைச் சுற்றிலும் அடைக்கச் சொல்லுங்கள். அந்த வளைவில் நிற்கும் தண்ணீர் நாற்றத்தையும் பூச்சியையும் தடுக்கிறது.

சிங்க் 304 ரக எவர்சில்வராக இருக்கட்டும். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே 304 என்று கடையில் சொல்வார்கள். மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. பில்லில் 304 என்று எழுதி வாங்குவதுதான் வழி. உப்புத் தண்ணீர் வரும் ஊரில் 202 சீக்கிரமே புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

5. வயரிங்

சமையலறையில் எந்தெந்தச் சாமான் ஒரே நேரத்தில் ஓடும் என்று எழுதிப் பாருங்கள். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் பிளக் சூடேறி உருகக்கூடும். இண்டக்‌ஷன், ஓவன், கெட்டில் போன்றவற்றுக்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். மிக்ஸி, கிரைண்டருக்கு 6 போதும். நம் உதாரணச் சமையலறைக்கு 16 ஆம்பியரில் மூன்று, 6 ஆம்பியரில் நான்கு என்று வைத்தால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேவைப்படாது.

16 ஆம்பியர் பிளக்குக்கு 4 சதுர மி.மீ. வயர், 6 ஆம்பியருக்கு 2.5, விளக்குக்கு 1.5 என்று கேளுங்கள். சமையலறைக்கென்று தனி எம்சிபி (சுமை மீறினால் மின்சாரத்தை நிறுத்தும் ஸ்விட்ச்) இருக்கட்டும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால், மற்ற எந்தச் செலவைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளாதீர்கள். ஈரக் கையோடு புழங்கும் இடம் இது. எர்த் சரியாக இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியன் உங்கள் கண் முன்னால் சோதித்துக் காட்டட்டும்.

பிளக் போர்டுகள் மேடைக்கு மேல் ஆறு முதல் எட்டு அங்குலம் உயரத்தில், சிங்க்கிலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளி வரட்டும். அடுப்புக்கு நேர் பின்னால் வேண்டாம்.

விளக்கு விஷயத்தில் ஒரு சின்ன மாற்றம் பெரிய பலன் தரும். அறை நடுவில் டியூப் லைட் இருந்தால் நாம் மேடையைப் பார்த்து நிற்கும்போது நம் நிழலே காய் நறுக்கும் பலகையில் விழும். பரணின் அல்லது மேல் அலமாரியின் அடியில் ஓர் எல்இடி பட்டை ஒட்டிவிட்டால் வெளிச்சம் கைமேல் விழும்.

6. காற்றும் கேஸும்

தாளிக்கும் வாசம் நமக்குப் பிடித்ததுதான். ஆனால் வற்றல் மிளகாய் வறுக்கும் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் வெளியேற வழி வேண்டும். 10 அடிக்கு 8 அடி, 10 அடி உயரம் என்றால் 800 கன அடி, அதாவது ஏறத்தாழ 22.6 கன மீட்டர். மணிக்கு 15 முதல் 20 முறை காற்று மாற வேண்டும் என்று கணக்கிட்டால் 340 முதல் 450 கன மீட்டர். எக்ஸாஸ்ட் ஃபேன் பெட்டியில் இந்த எண் போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். அடுப்புக்குப் பக்கத்தில், உயரத்தில் பொருத்தி, எதிர்ப்பக்கத்து ஜன்னலையோ கதவையோ திறந்து வைத்தால்தான் வேலை செய்யும்.

சிம்னி வாங்க முடிந்தால் நல்லதே. ஆனால் அதன் குழாய் வெளியே போக வேண்டும், வளைவுகள் குறைவாக இருக்க வேண்டும். குழாய் இல்லாத சிம்னி வடிகட்டிய காற்றை அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறது. சூடு அங்கேயே நிற்கும். அந்தப் பணத்துக்கு நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் எவ்வளவோ மேல்.

சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே சிலிண்டரைக் கதவுக்குள் வைப்பதானால் அந்தக் கதவின் கீழ்ப்பகுதியில் ஜாலியோ ஓட்டைகளோ அவசியம். ரப்பர் டியூபைச் சுவருக்குள் புதைக்காதீர்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். புது அலமாரி கட்டும்போது டியூப் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவதால்தான் அதை மறந்துவிடுகிறோம்.

7. கிரானைட்டும் கீழ்த்தட்டுகளும்

இரண்டடி அகலமுள்ள எல் வடிவ மேடைக்கு 10 அடி பக்கத்தில் 20 சதுர அடி; மூலையைக் கழித்தால் மற்ற பக்கத்தில் 6 அடி நீளம், 12 சதுர அடி. மொத்தம் 32. வெட்டுச் சேதாரம் தனி. கனம் 18 முதல் 20 மி.மீ. இருக்கட்டும். சிறு துண்டுகளை ஒட்டி மேடை செய்தால் மலிவாக வரும், ஆனால் சிங்க் பக்கத்தில் மட்டும் மூட்டு வரக்கூடாது.

கறுப்பு கிரானைட் வாங்கும்போது சாயம் ஏற்றிய கல்லாக இருக்க வாய்ப்பு உண்டு. கையில் ஒரு வெள்ளைத் துணியும் கொஞ்சம் நெயில் பாலிஷ் ரிமூவரும் கொண்டு போங்கள். கல்லின் ஒரு மூலையை அழுத்தித் துடையுங்கள். துணியில் கறுப்பு வந்தால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். புளியும் எலுமிச்சையும் தினமும் சிந்தும் மேடையில் அந்தச் சாயம் நிற்காது.

முன் விளிம்பை மழுக்கி மோல்டிங் செய்யும்போது, கல்லின் அடிப்பக்கத்தில் விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி மெஷினால் ஒரு கோடு வெட்டச் சொல்லுங்கள். மேடையில் சிந்தும் தண்ணீர் விளிம்பைச் சுற்றி அடிவழியாக உள்ளே ஓடாமல் அந்தக் கோட்டில் நின்று கீழே சொட்டிவிடும். சிங்க்குக்குக் கீழே உள்ள கதவுகள் உப்பிப் போவதற்கு முக்கியக் காரணமே இப்படி ஓடும் தண்ணீர்தான். வெட்டுவது சில நிமிட வேலை, கதவுக்கு ஆயுள் பல வருடம் கூடும்.

கல்லுக்குள் பதிக்கும் ஹாப் அடுப்புக்காக கிரானைட்டை வெட்ட வேண்டாம். நாளைக்கு அந்த மாடல் பழுதானால் அதே அளவு ஓட்டைக்குப் பொருந்தும் அடுப்பைத் தேடி அலைய வேண்டும். மேடைமேல் வைக்கும் சாதாரண அடுப்பு போதும்.

கீழே கடப்பா தட்டுகள் உறுதியாக இருந்தால் அவற்றை இடிக்காதீர்கள். கடப்பாவுக்குக் கரையானும் கிடையாது, தண்ணீர் பயமும் கிடையாது. மாடுலர் கிச்சனில் பிளைவுட் பெட்டிகளுக்குக் கொடுக்கும் பணம் மொத்தமும் இதில் மிச்சம். புதிதாகப் போட வேண்டுமானால் ஃபெரோசிமெண்ட் (கம்பிவலைமேல் சிமெண்ட் பூசிய) ஸ்லாப் தட்டுகள் மெல்லிதாக, இடத்தை அடைக்காமல் வரும்.

8. டைல்ஸ்

முதலில் கிரானைட், அதன்மேல் சுவர் டைல்ஸ். இந்த வரிசை மாறினால் மூட்டுக்குள் தண்ணீர் இறங்கும். மேடைக்கு மேல் இரண்டடி உயரம் போதும்: 18 அடி நீளத்துக்கு 36 சதுர அடி, சேதாரம் சேர்த்து 40. கூரை வரை டைல்ஸ் தேவையில்லை. மேலே கழுவக்கூடிய பெயிண்ட் அடித்துவிடலாம். தரையில் மேடை அடைக்கும் 32 சதுர அடியைக் கழித்தால் 48, சேதாரத்தோடு 53. வழுக்காத மேட் ரகமாக வாங்குங்கள். அடுப்புக்குப் பின்னாலும் சிங்க்கைச் சுற்றிலும் மட்டும் டைல்ஸ் இடைவெளியை அடைக்க எபாக்ஸி கிரவுட் கேளுங்கள். மஞ்சள் கறை அதில் அவ்வளவாக ஊறாது. மற்ற இடத்துக்குச் சாதாரண கிரவுட் போதும்.

காய்ந்த பிறகு ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். ஓட்டைச் சத்தம் வந்தால் அடியில் கலவை இல்லை. அப்போதே மாற்றச் சொல்லலாம்.

9. கதவுகள்

கடப்பா தட்டுகளுக்கு அலுமினிய ஃபிரேமில் ஷீட் போட்ட கதவு மலிவு, தண்ணீருக்கும் அஞ்சாது. பிவிசி கதவும் தண்ணீரைத் தாங்கும், ஆனால் அடுப்பின் சூட்டுக்குப் பக்கத்தில் வளையும். பிளைவுட்தான் வேண்டும் என்றால் சிங்க் பகுதிக்கு மட்டுமாவது ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் ரகம் வாங்குங்கள். பார்ட்டிகிள் போர்டு சமையலறைக்குள்ளேயே வேண்டாம். ஒரு மழைக்காலம் போதும், அது உப்பிவிடும்.

எல்லாவற்றையும் இழுப்பறையாக்க நினைக்காதீர்கள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரிசை: மேலே கரண்டி, நடுவில் அஞ்சறைப்பெட்டியும் மசாலா டப்பாக்களும், கீழே கடாய், தவா. மற்றது கதவு. மிச்சமாகும் காசைக் கீலிலும் சேனலிலும் போடுங்கள். தினமும் திறந்து மூடும்போது தேய்வது அவைதான். பரணுக்கு இப்போது கதவே வேண்டாம், அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம்.

10. வேலை நடக்கும் நாட்கள்

வரிசை இதுதான்: உடைப்பு, குழாயும் வயரும், சோதனை, பூச்சு, தரை, மேடை, கிரானைட், சுவர் டைல்ஸ், பெயிண்டின் முதல் கோட், கதவு, கடைசிக் கோட், டேப்பும் ஸ்விட்சும். சாமான் எல்லாம் வீட்டுக்கு வந்து சேராமல் உடைக்க ஆரம்பிக்காதீர்கள். டைல்ஸ் வரவில்லை என்று நான்கு நாள் வேலை நின்றால், ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். திரும்பக் கூப்பிடுவது பெரும்பாடு. அதுவரை ஹாலில் ஒரு மேஜை, இண்டக்‌ஷன் அடுப்பு, குக்கர், இரண்டு கிண்ணம் என்று ஒரு தற்காலிக அடுப்படி அமைத்துக்கொண்டால் ஹோட்டல் செலவு பட்ஜெட்டைத் தின்னாது.

பணத்தை வேலைக்கு ஏற்றபடி தவணையாகக் கொடுங்கள். கடைசிப் பத்து சதவீதத்தை, சிங்க்கை விளிம்பு வரை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டு அடியில் ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு, 16 ஆம்பியர் பிளக்குகளில் இண்டக்‌ஷனும் 6 ஆம்பியர் பிளக்குகளில் மிக்ஸியும் ஓட்டிப் பார்த்த பிறகு, எல்லாக் கதவும் ஒன்றோடொன்று உரசாமல் மூடுவதைப் பார்த்த பிறகு கொடுத்தால் போதும். மிஞ்சிய டைல்ஸில் நாலைந்தைப் பரணில் பத்திரமாக வைத்துவிடுங்கள். ஒன்று உடைந்து மாற்ற வேண்டி வரும்போது அதே டிசைன் கடையில் இருக்கும் என்று நம்ப முடியாது.